சுணங்கி நிற்கும் கோழிக்கு என்ன நோய்?

விடிந்ததும் கூண்டுக் கதவைத் திறந்தால் கோழிகள் குப்பைமேட்டைப் பார்த்து ஓட வேண்டும். ஐந்து ஓடி, ஆறாவது மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டின் முதல் வேலை அதுதான். ஆரணிப் பக்கம் படவேட்டில், வாழைத்தோப்பை ஒட்டிய என் அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு மாசி மாதக் காலையில் அப்படித்தான் ஒரு சிறுவிடைப் பெட்டை உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, தலை தோளுக்குள் இறங்கி, கண்கள் செருகிச் செருகித் திறந்தன. "நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தாம்மா மேஞ்சுது" என்றார் அத்தை. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "வெள்ளைக்கழிச்சல்தான். இன்னிக்கே சந்தையில தள்ளிடு, இல்லன்னா அத்தனையும் போயிடும்."

அத்தை சொன்னது பொய்யில்லை. கோழி தன் நோயை மறைக்கும் உயிர். பருந்துக்கும் கீரிக்கும் இரையாகிற பறவை தன் தளர்ச்சியைக் காட்டினால் முதலில் மாட்டுவது அதுதான். தளர்ந்த கோழியைக் கூட்டத்தில் மற்ற கோழிகளும் கொத்தி ஒதுக்கும். ஆகவே நம் கண்ணுக்கு நோய் தெரியும்போது அது வந்து பல நாள் ஆகியிருக்கலாம். இன்றைக்கு வந்ததா, இல்லை பல நாளாக உள்ளே இருந்ததா என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரையைப் பிட்டுத் தண்ணீரில் கரைப்பதெல்லாம் பிறகு.

அதைக் கைதான் சொல்லும். கோழியைத் தூக்கி அணைத்துக்கொண்டு, நெஞ்சின் நடுவே ஓடும் எலும்பை விரலால் வருடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை மெத்தென்று இருந்தால் நோய் புதிது. எலும்பு கத்தி முனைபோலத் துருத்தினால், அந்தக் கோழி வாரக்கணக்கில் இளைத்து வந்திருக்கிறது. குடற்புழுவோ, ரத்தம் குடிக்கும் பூச்சியோ, நாள்பட்ட வேறு நோயோ இருக்கும். ஓரிரு நாளில் கொல்லும் நோய்க்குக் கோழியை இளைக்க வைக்க நேரமே கிடையாது.

அடுத்து கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை. அந்தியில் அடையும்போது அது நிறைந்திருக்க வேண்டும், விடியற்காலையில் வற்றியிருக்க வேண்டும். அந்தியில் காலியாக இருந்தால் கோழி மேயவில்லை. விடிந்தும் கல்லுபோல் கெட்டியாக இருந்தால் நாரோ, பிளாஸ்டிக்கோ, நூலோ அடைத்திருக்கிறது. தறி இருக்கிற வீடுகளில் நூல் துணுக்கைக் கொல்லையில் கூட்டித் தள்ளாதீர்கள். புழு என்று நினைத்துக் கோழி விழுங்கிவிடும்.

பிறகு எச்சம். நல்ல எச்சம் பழுப்பாக, மேலே சுண்ணாம்பு வைத்தாற்போல வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். பறவைகள் அதை யூரிக் அமிலமாக, கெட்டியாகவே வெளியேற்றுகின்றன. வெள்ளையைப் பார்த்த உடனே வெள்ளைக்கழிச்சல் என்று அலறுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். இடையிடையே குழம்பு மாதிரி கரும்பழுப்பாக, நாற்றத்தோடு ஓர் எச்சம் விழும். அதுவும் நோயில்லை, குருட்டுக்குடல் காலியாவது. பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் பீய்ச்சினால் கவலைப்பட வேண்டும். மூன்றிலிருந்து எட்டு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் வேலை. ஈரமான தரையில் அதன் முட்டை ஓரிரு நாளிலேயே நோய் பரப்பத் தயாராகிவிடும். ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்து இதற்கு உண்டு. மருந்து கொடுத்துவிட்டுத் தரையை ஈரமாகவே விட்டால் பயனில்லை.

முட்டைக் கோழி வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி, வாத்துபோல் நடந்து முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் வேண்டும். கிளிஞ்சல் கிடைக்காத கோழி அதைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் அடிவயிறு நனைய உட்கார வைத்தால் பல நேரம் முட்டை இறங்கிவிடும். அடைக்கு உட்கார்ந்த கோழியை நோய்க்கோழி என்று நினைத்து மருந்து புகட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கையை நீட்டிப் பாருங்கள். அடைக்கோழி உப்பிக்கொண்டு சீறும். நோய்க்கோழிக்குச் சீறத் தெம்பிருக்காது.

ஒரு கோழியை இப்படிப் பார்த்து முடித்ததும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை கோழி, எத்தனை நாளில், எந்த வயதில்? ஒன்று மட்டும் மெதுவாக வாடினால் அது அந்தக் கோழியின் தனிப்பட்ட உபாதையாக இருக்கலாம். தெருவே இரண்டு மூன்று நாளில் காலியானால் தொற்று.

அந்தத் தொற்றுகளில் கொடியது வெள்ளைக்கழிச்சல். பச்சைக் கழிச்சல், வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது, பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்வது, இவை அதன் அடையாளங்கள். தடுப்பூசி போடாத கூட்டம் முழுவதும் சாவதுண்டு. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த நோய், அதையடுத்து இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கெட்டில் அறியப்பட்டதால் நம் கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்கிறார்கள். இது வைரஸ் நோய். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எதுவும் இதற்குக் கேட்காது.

தடுப்பூசி என்ற வழியே கோழியால்தான் விரிந்தது. ஆரணிப் பட்டு நாட்டார் அறிய வேண்டிய கதை அது. 1865இல் பிரான்சின் தென்பகுதியில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது லூயி பாஸ்டரை அழைத்தார்கள். தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, பெப்ரின் நோய் இல்லாத முட்டையை மட்டும் பொரிக்க வைக்கும் முறையை அவர் கொடுத்தார். பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. அதே பாஸ்டர் 1879இல் கோழிக் காலராவை ஆராய்ந்தார். நாள்பட வைத்துப் பழசாகிப்போன கிருமியைச் செலுத்தியபோது கோழிகள் லேசாகச் சுணங்கி எழுந்தன. பிறகு வீரியமான கிருமியையும் அவை தாங்கின. ஆய்வகத்தில் கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் வழி அங்கே பிறந்தது.

கொண்டையிலும் கண்ணோரத்திலும் பருக்கள் கட்டும் கோழி அம்மையை நம் ஊரில் அம்மன் கணக்கில் சேர்ப்பார்கள். படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனின் மண்ணில் அந்த நம்பிக்கையை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அது கொசு பரப்பும் வைரஸ், மனிதருக்கு ஒட்டாது. தோலில் மட்டும் இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் காய்ந்து உதிரும். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டினால்தான் உயிருக்கு ஆபத்து.

அத்தை வீட்டுப் பெட்டைக்கு வருகிறேன். நெஞ்செலும்பு கூராக இருந்தது. கொண்டை சிவப்பு வற்றி வெளுத்திருந்தது. எச்சம் கொஞ்சம் இளக்கம், அவ்வளவுதான். மற்ற ஐந்தும் மேய்ந்துகொண்டிருந்தன, ஆனால் அவற்றின் கொண்டையிலும் சிவப்பு மங்கல்தான். இது வெள்ளைக்கழிச்சலின் முகமில்லை, ரத்தம் குறைந்த முகம். பகலில் இறகை விலக்கிப் பார்த்தபோது பேன் அதிகமில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கூண்டருகே போனோம். மாமா பட்டு நெய்த காலத்துப் பழைய தறிப் பலகையை அறுத்துச் செய்த கூண்டு அது. பலகையின் ஆணித் துளைகளிலிருந்தும் பொருத்துகளிலிருந்தும் தட்டையான சாம்பல் நிற உண்ணிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. கோழி உண்ணி இரவில் வந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் குடித்துவிட்டு விரிசலுக்குள் போய்விடும். இரையில்லாமல் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பகலில் கோழியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் கூண்டை வெயிலில் கவிழ்த்து, விரிசல்களைத் தீயில் வாட்டி, சுண்ணாம்பு அடித்தோம். கால்நடை மருத்துவர் சொன்ன பூச்சி மருந்தை அளவு தப்பாமல் தெளித்தோம். ஒரு மாதத்தில் பெட்டையின் கொண்டை சிவந்தது. சந்தையில் தள்ளியிருந்தால் ஒரு நல்ல கோழி போயிருக்கும், உண்ணி கூண்டிலேயே இருந்திருக்கும்.

உண்மையிலேயே தொற்றாக இருந்தால் சந்தையில் தள்ளுவது இன்னும் பெரிய தீங்கு. அந்தக் கோழி போகிற ஊரெல்லாம் நோயும் போகும். நோய்க்கோழியைத் தனியாகப் பிரித்து வையுங்கள். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஆற்றிலும் ஏரியிலும் எறியாதீர்கள். கோழிகள் கொத்தாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் அரசுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. புறக்கடைக் கோழிகளுக்கென்றே தீவனத்தோடு போடும் குருணைத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. நோய் மூர்க்கமாகும் கோடைக்கு முன்பே, பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இருவார முகாம் நடத்தி வெள்ளைக்கழிச்சல் ஊசியை இலவசமாகப் போடுகிறது. முகாம் வரும் நாள் காலை மட்டும் கூண்டைத் திறந்துவிடாமல், கோழிகளைக் கூடையில் போட்டு எடுத்துப் போங்கள்.