கருத்துக்கும் சான்று வேண்டும்

ஊசலின் நீளத்தை மாற்றாமல் குண்டின் நிறையைக் கூட்டினால் அலைவு நேரம் மாறுமா? 'மாறாது' என்றால் மட்டும் போதாது. அளந்து காட்ட வேண்டும் அல்லவா? ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் கருத்துக் கட்டுரையும் அப்படித்தான். ஏறத்தாழ 40 நிமிடங்களில் 250 சொற்களேனும் எழுத வேண்டும்.

'வீட்டுப்பாடம் தேவையா?' என்பது வினா எனக் கொள்வோம். உங்கள் கருத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்து, பத்திக்கு ஒரு காரணம். காரணத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 'தேவை; கணக்கைத் தனியே போடும்போதுதான் எங்கே தடுக்கிறது என்று தெரியும்' என்பது காரணம். வகுப்பில் எளிதாகத் தோன்றிய கணக்கு, வீட்டில் கழித்தல் குறியில் இடறியது எடுத்துக்காட்டு. எதிர்க்கருத்தையும் எடை போடுங்கள். முடிவில் தடம் மாறாதீர்கள்.

நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் குறையாது. சான்றின்றி நின்றால் குறையும்!