கவிழும் பேருந்தைத் திரையில் வாசிப்பது

லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல் என்றால், பேருந்துக்குக் கரூர். அந்தப் பாடி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்கக் கூடாது என்பதற்காக உள்ள இந்திய விதி ஏஐஎஸ் 031. மேடையில் நிற்கும் பேருந்தை மெல்லச் சாய்த்து, 800 மி.மீ. கீழே உள்ள காங்கிரீட் தளத்தில் பக்கவாட்டில் விழவைப்பார்கள். பயணிகளுக்கென ஒதுக்கிய உயிர்வெளிக்குள் தூணோ கூரையோ நுழையக் கூடாது.

முழுப் பேருந்தையே நொறுக்குவது பெருஞ்செலவு. ஆகவே கணினியில் முதலில் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். பாடியின் எஃகுக் குழாய்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வார்கள். மோதலின் அதிர்வு எஃகில் ஒலியின் வேகத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. பாயும், 10 மி.மீ. கட்டத்தைக் கடக்க அதற்கு விநாடியின் 10 லட்சத்தில் 2 பங்கு போதும். கணக்கு அதைவிடப் பெரிய கால அடி வைத்தால் குலைந்துவிடும். 0.2 விநாடி மோதலுக்கே 1 லட்சம் அடிகள்! அவற்றில் சுமார் நூறைப் படங்களாகச் சேமித்து ஓடவிடுகிறார்கள்.

அந்தப் படங்களில் நீலம் குறைந்த சேதம், சிவப்பு மிகுந்த சேதம். ஏமாறுவது இங்கேதான். வெல்டிங் ஓரத்தில் கோணலாக அமைந்த ஒரே ஒரு கட்டம் 0.60 திரிபு (உருமாற்ற அளவு) காட்டினால், மென்பொருள் தானாகவே அதைச் சிவப்பின் உச்சமாக வைத்துக்கொள்ளும். ஜன்னல் தூணின் அடிப்பகுதி 0.12 திரிபில் மடங்கிக்கொண்டிருந்தாலும் அமைதியான நீலத்தில் தெரியும். உச்சத்தை 0.15 என்று கையால் வைத்தால் அதே தூண் சிவப்பை நெருங்கும். வண்ண அளவுகோல் இல்லாத படத்தை நம்பவே கூடாது. எல்லாப் படங்களுக்கும் அளவுகோல் ஒன்றாகவும் இருக்க வேண்டும். வளைவைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும் இங்கே உதவாது, உள்ளது உள்ளபடியே தெரிய வேண்டும்.

கடைசிப் படத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. அடிபட்ட தூண் உள்ளே வளைந்து, பிறகு கொஞ்சம் வெளியே மீளும். உயிர்வெளியைக் கண்ணாடி போன்ற பெட்டியாக வரைந்து, தூணுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கணந்தோறும் வரைபடமாகப் போட்டால்தான் மிக நெருங்கிய கணம் அகப்படும்.

கூடவே ஆற்றல் வரைபடமும் வேண்டும். இயக்க ஆற்றல் இறங்க இறங்க, உலோகம் மடங்கி வாங்கும் ஆற்றல் ஏறும். கணக்குமுறையே உண்டாக்கும் போலி ஆற்றல் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது பேருந்துக் கவிழ்வுக்கான ஐ.நா.வின் 66ஆம் ஒழுங்குமுறை. தாண்டினால், எவ்வளவு அழகான படமானாலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதுதான்.