மீள்குற்றமும் இணைந்த தரவும்

2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீது முன்னரே பல மதுவிலக்கு வழக்குகள் இருந்தன எனச் செய்திகள் கூறின. முந்தைய ஆண்டு மே திங்களில்தான் மரக்காணத்துப் பக்கத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோரை இதே நஞ்சு கொன்றிருந்தது. கைது ஆனவர் ஏன் மீண்டும் அத்தொழிலுக்கே வருகிறார் என்னும் வினாவுக்குச் சினத்தால் விடை காண இயலாது. அளந்தே காண வேண்டும்.

அரசின் கையில் பல வழிகள் உள்ளன. நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டப்படி ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். தொழிலை விட்டவருக்கு மறுவாழ்வு உதவி அளிக்கலாம். இவற்றுள் எது பயன் தருகிறது? கைது காவல்நிலையப் பதிவில் இருக்கிறது, தீர்ப்பு நீதிமன்றத்தில், விடுதலை நாள் சிறையில், மறுவாழ்வு உதவி வேறோர் அலுவலகக் கோப்பில். காவல், நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கு நடத்துநர் ஆகிய ஐந்தையும் பிணைக்கும் கணினி வலையமைப்பு இன்று நாட்டில் உண்டு. வழக்கை விரைவுபடுத்த எழுந்த அதனைக் கொள்கையை ஆராயவும் பயன்படுத்தலாம்.

ஆயினும் இணைத்தல் மட்டும் போதாது. அடைபட்டிருப்பவர் சாராயம் காய்ச்ச இயலாதாகையால் மீள்குற்றத்தின் எண்ணிக்கை விடுதலை நாளிலிருந்தே தொடங்க வேண்டும். உதவி கேட்டு வருபவர் முன்னரே மனந்திரும்பியவராக இருக்கக்கூடும். எனவே அவரை ஒத்த அகவையும் வழக்குப் பின்னணியும் உடைய, உதவி பெறாதவரோடு ஒப்பிட வேண்டும். பிரித்தானிய நீதி அமைச்சகம் 2013இல் தொடங்கிய தரவு ஆய்வகம் இதைத்தான் செய்கிறது. தொண்டமைப்பு தான் உதவியோர் பட்டியலை அனுப்பும். அமைச்சகம் ஒத்தோருடன் அவர்தம் மீள்குற்ற அளவை ஒப்பிட்டுத் தொகுப்பு முடிவை மட்டும் திருப்பித் தரும். தனி ஒருவரின் குற்றப் பதிவு வெளியே செல்வதில்லை. நம் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இன்னொரு நுட்பமும் உண்டு. அங்கே வெல்லமும் மரப்பட்டையும் இட்டு ஊறல் போட்டுக் காய்ச்சுவார்கள். கருணாபுரத்தில் கொன்றதோ தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். இரண்டையும் மதுவிலக்குக் குற்றம் என ஒரே தலைப்பில் எண்ணினால், ஊறல் அழிப்பு பெருகப் பெருக ஆபத்து குறைவதுபோல் தோன்றும். நஞ்சின் வழி திறந்தே கிடக்கும். மேலும், கைது எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியதா, தேடுதல் கூடியதா என்பதையும் பிரித்தறிய வேண்டும்.

ஊர்ப்பெயரோ குலப்பெயரோ இத்தரவில் முத்திரையாகிவிடக் கூடாது. 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டம், குடிகளைப் பட்டியலிட்டுக் கைரேகை எடுத்த கொடுமை. 1947இல்தான் இங்கே அது நீங்கியது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலைமீது அதன் நிழல் மீண்டும் விழ விடலாகாது.

2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கொன்றில் இம்மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து அரசிடம் வினவியது. ஆகவே காவல்துறைத் தரவோடு சாலை, பள்ளி, வேலை பற்றிய தரவையும் சேர்த்து, சாலை வந்த சிற்றூரையும் வராத சிற்றூரையும் ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். ஊறல் பானையைக் கைவிடச் செய்வதில் ஒரு பேருந்துத் தடத்துக்கும் பங்குண்டா என்பது அப்போது தெரியவரும்.