தவறணை மண்ணிலிருந்து ஓசோன் படலம் வரை: மலையகம் கண்ட இரண்டு தடைகள்

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிகளுக்கும் ஒரேயடியாக விதிக்கப்பட்ட தடையை மலையகத் தோட்டங்களில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னரே அதே மலைகளில் இன்னொரு இரசாயனம் தடைசெய்யப்பட்டது. அது போனதைப் பலர் கவனிக்கவே இல்லை. அதன் பெயர் மெதில் புரோமைட்டு. ஒரு தடை சத்தமின்றி நிறைவேற, மற்றது மக்களின் வயிற்றில் அடித்தது ஏன்? விடை தேயிலைத் தவறணையில் தொடங்குகிறது.

தவறணை என்றால் தேயிலைக் கன்றுகளை வளர்க்கும் நாற்றுமேடை. பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி, தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுகளை நட்டு, நிழலில் வளர்த்து மலைக்குக் கொண்டுபோவார்கள். அந்த மண்ணில் ஒரு பகை உண்டு. கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு அது. ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இராது. தேயிலை வேரைத் துளைத்து உள்ளே புகுந்து வாழும். நுவரெலியா மாவட்டத்தைப் போன்ற குளிர்ந்த உயர்நிலங்கள் அதற்கு நன்றாக ஒத்துவரும். வேர் கெட்டால் செடி தேறாது, கொழுந்து குறையும். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை ஆராய்ந்த லூஸ் என்பவரின் பெயரையே அந்தப் புழு இன்று அறிவியலில் தாங்கி நிற்கிறது.

புழு உள்ள மண்ணில் வளர்த்த கன்று, தான் போகும் மலைக்கெல்லாம் புழுவையும் கூட்டிச்செல்லும். எனவே தவறணை மண்ணைக் குவித்து, பொலித்தீன் விரிப்பால் மூடி, உள்ளே மெதில் புரோமைட்டு வாயுவைச் செலுத்துவது வழக்கமாக இருந்தது. மண்ணின் இடுக்குகளிலெல்லாம் ஊடுருவி, புழு, பூஞ்சணம், களை விதை என அனைத்தையும் அது கொன்றுவிடும்.

மனிதருக்கும் அது நஞ்சுதான். நுரையீரலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். சாதாரண அளவில் அதற்கு மணமே இல்லாததால், சுவாசிப்பவருக்கு அது தெரியவும் மாட்டாது. அதனால்தான் கண்ணைக் கரிக்கும் இன்னொரு இரசாயனத்தைச் சிறிதளவு எச்சரிக்கைக்காகக் கலப்பார்கள். காற்றைவிடப் பாரமானது என்பதால் பள்ளமான இடங்களில் தங்கியும் நிற்கும்.

தீயணைப்புக் கருவியின் உறவினர்

இந்த வாயு ஒரு காலத்தில் தீயை அணைக்கவும் பயன்பட்டது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் விமானங்களிலும் மெதில் புரோமைட்டு அணைப்பான்கள் இருந்தன. தீயை அணைத்தாலும் ஆட்களையும் கொன்றதால் அது கைவிடப்பட்டது. பின்னர் அந்த இடத்துக்கு வந்தவை ஹேலோன்கள். கணினி அறை, கப்பல், விமானம், தொலைத்தொடர்பு நிலையம் போன்ற தண்ணீர் அடிக்க முடியாத இடங்களில் அவை பேருதவியாக இருந்தன.

இரண்டுக்கும் பொதுவானது புரோமீன். தீயில் நடக்கும் சங்கிலித் தாக்கத்தை அறுப்பது இந்தப் புரோமீன்தான். அதே புரோமீன் வானில் மேலே சென்றால் ஓசோனை அழிக்கும். அணுவுக்கு அணு ஒப்பிட்டால், குளிரூட்டி வாயுக்களிலிருந்து வரும் குளோரீனைவிட ஏறத்தாழ 60 மடங்கு வேகமாக அழிக்கும். ஓசோன் படலம் மெலிந்தால் சூரியனின் புறஊதாக் கதிர்கள் கூடுதலாகத் தரைக்கு வரும். தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். நாள் முழுக்கத் திறந்த மலையில் நின்று கொழுந்து பறிப்பவர்களுக்கு இது எங்கோ நடக்கும் விடயமல்ல.

1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் நெறிமுறை கைச்சாத்தானது. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது. ஹேலோன் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1994இலும், வளர்முக நாடுகளில் 2010இலும் முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள ஹேலோனை மீட்டெடுத்து விமானம் போன்ற தவிர்க்க முடியாத இடங்களில் மட்டும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மற்ற இடங்களில் காபனீரொட்சைட்டு, உலர் தூள், நுரை, நீர்ப்பனி ஆகியவை வந்துவிட்டன.

மெதில் புரோமைட்டு 1992இல் பட்டியலில் சேர்ந்தது. வளர்முக நாடுகளுக்கு விதித்த ஒழுங்கு இது: 2002இல் பாவனையைக் கூட்டாமல் நிறுத்துவது, 2005இல் 20 வீதம் குறைப்பது, 2015இல் முற்றாகக் கைவிடுவது. பட்டியலில் சேர்ந்ததிலிருந்து 23 ஆண்டு அவகாசம். கூடவே பன்முக நிதியத்திலிருந்து பணமும் வந்தது. இலங்கையின் தேயிலைத் துறையில் மாற்று வழிகளைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. புழு இல்லாத மண்ணைப் பரிசோதித்துத் தெரிவுசெய்தல், மண்ணைச் சூடாக்குதல், மீள்நடுகைக்கு முன் மலையில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து மண்ணை ஆறவிடுதல், தாக்குப்பிடிக்கும் இனங்களை நடுதல் எனப் பல வழிகள் உண்டு. டசோமெட் போன்ற வேறு இரசாயனங்களும் வந்தன. அவையும் நஞ்சுதான், ஆனால் ஓசோனைத் தொடுவதில்லை.

அடுத்த தடை

2021இல் இவற்றில் எதுவும் இருக்கவில்லை. அவகாசம் இல்லை, போதிய மாற்று உரம் இல்லை, பயிற்சி இல்லை. நவம்பரிலேயே அரசாங்கம் பின்வாங்கியது. ஆனால் தேயிலைச் செடி அரசாணைக்கு ஏற்ப உடனே தளிர்ப்பதில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் கேட்ட கிலோ நிறையாது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். தடையின் விலையைக் கொடுத்தவர்கள் லயத்தில் இருந்தவர்கள்தான்.

யூரியாவும் தடைப் பட்டியலில் இருந்த போர்க்காலத்தில் வயல் செய்த வடக்கின் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 77இலும் 83இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னியில் குடியேறிய குடும்பங்கள் அந்தத் தடையையும் அனுபவித்தன.

ஆகவே இரசாயனத்தை நிறுத்துவது தவறென்று சொல்வதற்கில்லை. மொன்றியல் நெறிமுறை தொடர்ந்து கடைப்பிடிக்கப்பட்டால் ஓசோன் படலம் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவில் 1980இன் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவுடனான விஞ்ஞானிகளின் மதிப்பீடு சொல்கிறது. அந்தாட்டிக்காவில் 2066 வரை செல்லலாம். பாதை சரியாக அமைந்தால் தடை பலன் தரும்.

ஆனால் அந்த நல்ல தடையிலும் ஒரு குறை உண்டு. ஓசோனுக்கு எவ்வளவு கேடு என்பதைத்தான் நெறிமுறை அளந்தது. மண்குவியலுக்குப் பக்கத்தில் நின்றவரின் நுரையீரல் அந்தக் கணக்கில் வரவில்லை. வானத்தைக் காக்கப் போட்ட சட்டம் தற்செயலாக அவரையும் காத்தது. ஏற்றுமதிச் சரக்குகளையும் மரப்பலகைகளையும் புகையூட்ட மெதில் புரோமைட்டுக்கு இன்றும் அனுமதி உண்டு. அங்கே வேலை செய்பவருக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது. தவறணைக்கு வந்த மாற்று இரசாயனங்களுக்கும் கையுறையும் முகக்கவசமும் பயிற்சியும் வேண்டும்.

நாளை இன்னொரு இரசாயனத்துக்குத் தடை வரும்போது மலையகம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எவ்வளவு கால அவகாசம்? மாற்று என்ன, அதற்கு யார் பணம் தருவது? அந்த மருந்தைக் கையால் தொடுகிறவரிடம் யாராவது கேட்டார்களா?