புஸ்வாணமும் நமத்த பட்டாசும்: ஒத்த மரபுத்தொடர்களின் பொருள் வேறுபாடு

ஒரு பொருள் குறித்தனபோல் தோன்றும் மரபுத்தொடர்கள் ஒரு மொழியில் நெடுங்காலம் உடனிருந்து வழங்குமாயின், அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு உண்டென்று கொள்ளல் வேண்டும். அதனைக் காணாது மொழிபெயர்ப்போர் சொல்லை மட்டுமன்றிச் செய்தியையும் மாற்றிவிடுவர். எதிர்பார்த்த பயன் விளையாமையைக் குறிக்கும் தொடர்கள் சிலவற்றைச் சிவகாசிப் பகுதியின் தொழில் வழக்கோடு இயைத்து ஈண்டு ஆராய்வாம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி மழை அருகிய நிலம். கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டளவில் மீண்டு வந்து அத்தொழிலை அங்கு நிலைநாட்டினர். 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளும் எழுந்தன. வெயிலில் உலர்த்துதல் இத்தொழிலின் இன்றியமையாப் பகுதி. ஆதலின் ஈரமும் உலர்வும் அவ்வூரார்க்கு வெறும் உவமைகள் அல்ல.

முதற்கண் தமிழ்த் தொடர்களைக் காண்போம். 'புஸ்வாணமாயிற்று' என்பது ஒன்று. வாணம் என்பது அம்பைக் குறிக்கும் பாணம் என்னும் வடசொல்லின் வழிவந்து வெடிக்கு ஆயிற்று. 'புஸ்' என்பது ஒலிக்குறிப்பு. புஸ்வாணம் தன்னளவில் குறையுடைய வாணம் அன்று. பூப்போலப் பொறி சொரிவதே அதன் தொழில். வெடியோசையை எதிர்பார்த்தவன் காதில் சீறல் மட்டும் விழும்போதுதான் அது ஏமாற்றத்திற்கு உவமையாகின்றது. ஆகவே இத்தொடரின் உயிர் முன்னிருந்த ஆரவாரத்தில் உள்ளது. பெரிதாகப் பேசப்பட்ட செயல் ஒன்றுமின்றி முடிந்தால் மட்டுமே இது பொருந்தும். எவரும் எதிர்பாராத செயல் தோற்பின் பொருந்தாது.

'நமத்துப்போன பட்டாசு' என்பது மற்றொன்று. நமத்தல், ஈரக்காற்றால் முறுகல் இழத்தல். அப்பளமும் முறுக்கும் நமக்கும், தீக்குச்சியும் நமக்கும். இங்கே தீ பற்றவே இல்லை. குறை ஆரவாரத்தில் அன்று, பொருளின் உள்ளே உள்ளது.

மூன்றாவது 'பிசுபிசுத்துப் போயிற்று' என்பது. இதன் அடிப்பொருள் ஒட்டும் தன்மை. பற்றிய செயல் படிப்படியாக வலியிழந்து தேய்தலை இது குறிக்கும். பற்றாதது நமத்தது, பற்றியும் வெடியாதது புஸ்வாணம், நின்று தேய்ந்தது பிசுபிசுத்தது என்க.

இனி ஆங்கிலத்தை நோக்குவாம். 'டாம்ப் ஸ்குவிப்' என்பது சொல்லளவில் ஈரமான சிறுவெடி. நமத்த பட்டாசோடு நேர் ஒப்புமை உடையது. ஆயினும் ஆங்கிலேயர் அதனைப் பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட நிகழ்ச்சி ஏமாற்றமாய் முடிந்தவிடத்து வழங்குவர். படம் நமத்த பட்டாசு; பயன் புஸ்வாணம். படத்தை மட்டும் பெயர்ப்போர் இங்கே வழுவுவர்.

'பிளாஷ் இன் தி பான்' என்பது பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் வழிவந்த தொடர். கிண்ணத்திலிட்ட மருந்து பளிச்சென எரிந்தும் குழலுக்குள் இருந்த மருந்து வெடியாத நிலை அது. இன்றைய வழக்கில் ஒருமுறை வெற்றி பெற்றுப் பின் தொடராமையைக் குறிக்கும். முதல் நூலால் புகழ்பெற்று அடுத்து எழுதாது ஓய்ந்தவரைப் புஸ்வாணம் எனின், அவர் பெற்ற வெற்றியையே மறுத்தவராவோம். 'ஒருமுறை ஒளிர்ந்து ஓய்ந்த வெற்றி' என விரித்துரைத்தலே தக்கது. 'பிசில் அவுட்' என்பதற்கோ பிசுபிசுத்தல் நன்கு பொருந்தும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பத்து நாள் நடந்து பின் தளர்ந்த வேலைநிறுத்தம் ஒன்றைப் பிசுபிசுத்தது என்று தமிழ்ச் செய்தி கூற, மொழிபெயர்ப்பாளர் அதனை 'டாம்ப் ஸ்குவிப்' என்று எழுதுவதாகக் கொள்வோம். உறுதியாய் நின்ற அப்பத்து நாளும் வரலாற்றினின்று மறைந்துவிடும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. இவ்வுவமைகள் அனைத்தும் ஈரம்பட்ட மருந்து தீங்கற்றது என்னும் எண்ணத்தின்மேல் நிற்கின்றன. பட்டாசு ஆலைத் தொழிலாளர் அவ்வாறு எண்ணார். அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் வேதிவினையால் சூடேறித் தானே தீப்பற்றவும் கூடும். வெடியாத பட்டாசை அணுகிக் கையிலெடுத்தோர் அது பிந்தி வெடித்துப் புண்பட்டதும் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இழந்த பகுதி அது. அங்கே 'நமத்தது' என்னும் சொல் இகழ்ச்சியாக மட்டும் ஒலிக்காது, எச்சரிக்கையாகவும் ஒலிக்கும்.

ஆகவே இத்தகைய தொடரைப் பெயர்ப்போர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: தீப் பற்றியதா? சிறிதேனும் ஒளிர்ந்ததா? அணைந்தது உடனேயா, மெல்லவா? இவற்றோடு, முன்னர் ஆரவாரம் இருந்ததா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இவற்றிற்கு விடை கண்டபின் தொடரைத் தெரிவு செய்க. மரபுத்தொடர் அகராதி தொகுப்போர் ஒருபொருட் சொற்களை அடுக்கி நிறுத்தாது, இவ்விடைகளையும் உடன் தருவாராயின் மாணாக்கர்க்குப் பெரும்பயன் விளையும்.