மிருதங்க மாதிரி ஒலிகளும் இரட்டைத் தடமும்

பாலக்காட்டு மாவட்டத்துப் பெருவெம்பு என்னும் சிற்றூர் தோற்கருவிகளுக்குப் பெயர் பெற்றது. மிருதங்கம், மத்தளம், செண்டை, இடக்கை ஆகியவற்றைச் செய்யும் குடும்பங்கள் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பாலக்காட்டு மத்தளம் இன்று புவியியல் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாகும். இத்தகைய கருவிகளின் ஒலியை ஒவ்வொரு சொல்லாகப் பதிந்து, கணிப்பொறியில் சேமித்து, விசைப்பலகையின் கட்டைகளால் ஒலிக்கச் செய்யும் முறை இப்போது பரவியுள்ளது. இவ்வாறு சேமித்த சிறு பதிவுகளை 'மாதிரி ஒலிகள்' எனலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு ஆகிய எல்லைப்புறப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இவற்றைக் கையாள நேரும்போது ஒரு கேள்வி எழுகிறது: ஒற்றைத் தடத்தில், அதாவது மோனோவில், பதிந்த ஒலியை ஸ்டீரியோ எனப்படும் இரட்டைத் தடமாக மாற்றுவது எவ்வாறு? மாற்றத்தான் வேண்டுமா?

இரு செவிகளின் கணக்கு

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வலப்புறம் எழும் ஓசை வலச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடச்செவியை அடைய மிகுதியாக 0.6 மில்லி செகண்டு அளவு தாமதமாகிறது. இச்சிறு தாமதத்தையும், இரு செவிகளிலும் ஒலியின் வலிமை வேறுபடுவதையும் கொண்டே ஓசை எழும் திசையை மூளை அறிகிறது. இவ்வுண்மையைப் பயன்படுத்தி இரு தடங்களில் ஒலியைப் பதியும் முறைக்கு ஆங்கிலப் பொறியியலாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல் விற்பனைக்கு வந்தன. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) காலத்துப் பழைய பதிவுகளிற் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில் அமைந்திருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

ஒரு தடத்தில் விநாடிக்கு 44,100 அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட் எனக் கொண்டால், ஒரு விநாடிக்கு 88,200 பைட் இடம் வேண்டும். இரட்டைத் தடத்துக்கு 1,76,400 பைட் வேண்டும். கோப்பில் இட அளவீடு, வல அளவீடு, மீண்டும் இடம், வலம் என அவை மாறி மாறி அமைகின்றன.

நகலெடுத்தல் ஸ்டீரியோ ஆகாது

எளிய மாற்றம், ஒரே அளவீட்டை இரு தடங்களிலும் எழுதுவதாகும். கோப்பு இருமடங்கு பெரிதாகும். ஆனால் செவிக்குப் புதிய செய்தி ஒன்றும் கிடைக்காது. ஓசை இரு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒற்றைத் தட ஒலியை நடுவில் வைக்கும்போது பல இயக்கிகள் ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 டெசிபல் குறைத்தே அனுப்புகின்றன. இரட்டைத் தடக் கோப்பையோ குறைக்காமல் அப்படியே அனுப்புகின்றன. ஆகவே சில கட்டைகளை மட்டும் மாற்றினால் அவை 3 டெசிபல் உரத்து ஒலிக்கும். 'நம்' என்னும் சொல் 'தொம்' என்பதை அமுக்கிவிடும். மாற்றும்போது அளவீடுகளை 0.707 ஆற் பெருக்கினால் இக்குறை நீங்கும்.

செயற்கை அகலத்தின் தீமை

நகலில் நிறைவுறாத சிலர், ஒரு தடத்தைச் சிறிது தாமதப்படுத்தி அகலமான ஓசையைப் பெற முயல்வர். காதொலிப்பானில் இது இனிமையாகவே இருக்கும். ஆயின் நம் பள்ளிகள் பலவற்றில் உள்ளது ஒரே ஒலிபெருக்கி. அங்கு இரு தடங்களும் ஒன்றாகக் கலக்கின்றன. தாமதம் 5 மில்லி செகண்டு எனின், 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்களில் ஒரு தடத்தின் மேடு மற்றதன் பள்ளத்தோடு சேர்ந்து அழிந்துபோகும். ஒரு தடத்தைத் தலைகீழாகத் திருப்பி அகலம் காட்டுவது இதனினும் கொடிது. கலக்கும்போது ஒலி முற்றிலும் மறைந்து, வகுப்பில் மௌனமே எஞ்சும்.

மிருதங்கத்துக்கு இவ்விழப்பு சிறிதன்று. சர் சி. வி. இராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சியும், 1934-இல் எழுதிய விரிவான கட்டுரையும், கரணை இட்ட வலந்தலை பிற முரசுகளைப் போலன்றி, அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளான மேற்சுரங்களை எழுப்புகிறது என்பதைக் காட்டின. அம்மேற்சுரங்களின் ஒழுங்கே மிருதங்கத்துக்குச் சுருதியைத் தருகிறது. அவற்றுள் சிலவற்றைத் தாமதத்தால் அழித்துவிட்டு, இதுவே மிருதங்கம் என்று மாணவருக்குக் காட்டுதல் தகாது.

மேலும், மாதிரி ஒலியைச் சுருதி உயர்த்தும்போது இயக்கி அதனை விரைந்து ஓட்டுகிறது. ஒரு ஸ்தாயி உயர்ந்தால், கோப்பிற் பதிந்துவிட்ட தாமதமும் பாதியாகும். ஆகவே அகல உணர்வு கட்டைக்குக் கட்டை மாறும்.

மிருதங்கம் எவ்வளவு அகலமானது?

மிருதங்கம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளமுள்ளது. 6 மீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால், முழு நீளமும் தெரியுமாறு வைத்தாலும், அது ஏறத்தாழ 6 பாகைக் கோணமே கொள்ளும். கச்சேரி மேடையிலோ வலந்தலை சபையை நோக்குமாறு வித்துவான் அமர்வது வழக்கம். தொப்பி அதன் பின்னால் அமைகிறது. எனவே சபையோருக்கு மிருதங்கம் பெரும்பாலும் ஒரு புள்ளியிலிருந்தே ஒலிக்கிறது. அகலமாகத் தோன்றுவது மண்டபச் சுவர்களினின்று திரும்பும் எதிரொலியே. இக்கருத்து மனத்திற் பதிந்தால், ஒற்றைத் தட மாதிரி குறையுடையதன்று என்பது தெளிவாகும்.

கடைப்பிடிக்கத்தக்க முறை

முதலாவது, மூலப் பதிவை ஒருபோதும் அழிக்கலாகாது. மாற்றியதை வேறு பெயரிற் சேமித்து, செய்த மாற்றத்தை உடன் குறித்து வைக்க வேண்டும். மலைப்பகுதிகளில் முதியோரிடமிருந்து திரட்டும் பதிவுகளுக்கு இது இன்னும் முக்கியம். அவ்வாசிப்பு மீண்டும் கிடைக்காமற் போகலாம்.

இரண்டாவது, இயக்கி இடம் கொடுக்குமாயின் மாதிரியை ஒற்றைத் தடமாகவே வைத்து, இட வல நிலையை அமைப்பில் மட்டும் குறிப்பிடுக. எஸ்.எஃப்.இசட். முறையில் இதற்கு ஒரு வரி போதும். சவுண்டுஃபான்ட் கோப்பிலோ ஸ்டீரியோ என்பதே இடம், வலம் என இணைக்கப்பட்ட இரண்டு ஒற்றைத் தட மாதிரிகள்தாம். அவற்றின் நீளமும் சுழற்சிப் புள்ளிகளும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, மண்டபத்தின் உணர்வு வேண்டுமெனில், எதிரொலியை மாதிரியிற் கலவாது, இறுதியில் தனியே சேர்க்க வேண்டும். உண்மையான ஸ்டீரியோ தேவையெனில், இரண்டு ஒலிவாங்கிகளை வைத்துப் புதிதாகப் பதிவதே வழி.

வகுப்பில் ஒரு சோதனை

ஸ்டீரியோ எனப்படும் கோப்பு ஒன்றை எடுத்து, ஒலி திருத்தும் மென்பொருளில் இடத் தடத்தினின்று வலத் தடத்தைக் கழிக்கச் செய்க. எஞ்சுவது சுத்த மௌனமாயின், அது நகலெடுத்த மோனோவே. அதனை ஒற்றைத் தடமாக்கிப் பாதி இடத்தை மீட்கலாம். பின் வேறொரு கோப்பில் இரு தடங்களையும் கூட்டிக் கேட்கச் செய்க. கூட்டியபின் ஒலி மெலிந்தோ சாரமிழந்தோ போனால், அது செயற்கையாக அகலப்படுத்தியது என ஐயுறலாம். அலைகளின் கூடுதலையும் அழிதலையும் பாடநூற் படங்களிற் கண்ட மாணவர், இச்சோதனையில் அவற்றைத் தம் செவியாலேயே உணர்வர்.