செங்கல்லில் ஒரு கலங்கரை

காசிமேட்டுக்காரர்கள் கடலிலிருந்து திரும்பும்போது கலங்கரை விளக்கமோ, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியோ கண்ணில் பட்டால் போதும், கரை பிடிபட்டுவிடும். நாகப்பட்டினத்தில் அந்த வேலையை வெகுகாலம் செய்தது ஒரு பழைய பௌத்தக் கோபுரம். வெள்ளைக்கார மாலுமிகளுக்கு அது 'சீனக் கோபுரம்', ஊராருக்குப் 'புதுவெளிக் கோபுரம்'.

1846இல் அதை நேரில் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் குறிப்பெழுதி வைத்திருக்கிறார். நாற்சதுரம், மூன்று நிலை, முழுக்கச் செங்கல். சாந்து வைக்காமலே செங்கலோடு செங்கலை இழைத்து அடுக்கியிருந்தார்களாம்! பக்கத்துக்கு ஒரு வாசல், நட்டநடுவில். நிலைக்கு நிலை சுற்றிவர ஒரு பிதுக்கம். உள்ளே நின்று அண்ணாந்தால் தளமும் இல்லை, கூரையும் இல்லை, வானம்தான்.

சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் மாரவிஜயோத்துங்கவர்மர் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டியதும் இதே நாகையில்தான். அதற்கு ராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தார். இந்தக் கோபுரம் அந்த விகாரத்தைச் சேர்ந்ததா, அதற்கும் மூத்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. தீர்த்துவைக்கக் கோபுரமும் இல்லை. அரசு அனுமதியோடு 1867இல் இடித்துவிட்டார்கள்.

மண்ணுக்குள் இருந்தவை தப்பின. நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த அதே 1856இல் நாகையில் புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைக்கத் தொடங்கின. நாளடைவில் சுமார் 350 சேர்ந்தன. உள்ளங்கையில் அடங்கும் புத்தர்கள்கூட உண்டு. பலவும் எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.